பாயசம் என்று எழுதியிருந்தது

2021 மே மாதம் எனக்கு வாசனை தெரியாமல் போயிற்று. பிறகு அரைகுறையாகத் திரும்பியது. முழுதாக இன்னும் வரவில்லை. அந்த நாட்களிலும் நான் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பத்திரிகைக்குச் சாப்பாட்டுப் பத்தி எழுதிக்கொண்டுதான் இருந்தேன். எந்தக் கடை சாம்பாரில் பெருங்காயம் தூக்கல், எந்தக் கடை நெய் பழசு என்றெல்லாம் தீர்ப்புச் சொன்னேன். மூக்கு செத்துக் கிடப்பதை ஆசிரியரிடம் சொல்லவில்லை, வாசகர்களிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு மட்டும் தெரியும். அதுவும் நான் சொல்லித் தெரிந்ததல்ல. ஒருநாள் அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருக்க, பத்தடி தள்ளி நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து ஓடிவந்த மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?" என்றாள். பேப்பரில் மூழ்கிவிட்டேன் என்று அவளிடமும் பொய் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

இரண்டாம் அலையில் பரவியது டெல்டா வகை. காவிரி டெல்டாக்காரனுக்கு டெல்டா வந்ததாக நண்பர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வரவில்லை. எத்தனையோ பேர் ஆக்சிஜனுக்கு அலைந்த நாட்களில் மூக்கு போனதைப் பற்றி யாரிடம் புலம்புவது? இந்தக் கிருமி வாசனை நரம்பைவிட அந்த நரம்பைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத்தான் முதலில் தாக்குகிறது என்று 2020-லேயே ஆராய்ச்சியாளர்கள் கண்டுவிட்டார்கள். அந்தச் செல்கள் மறுபடி முளைக்கும்போது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வாசனை திரும்பிவிடும். எனக்கும் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான் நோய்க்குப் பிந்தைய முதல் கட்டுரையில் பொய் எழுதினேன். அடுத்த கட்டுரைக்குள் சரியாகிவிடும், அதற்குள் எதற்கு ஊரைக் கூட்டவேண்டும்? அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது.

நாக்கு ஒரு ஏழை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் குழம்பிலும் காளானிலும் இருக்கும் அந்தச் சாறு ருசி. இந்த ஐந்தைத் தவிர அதற்கு வேறு சொத்து கிடையாது. ஏலக்காயின் ருசி என்று நாம் சொல்வது நாக்கில் இல்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொண்டைக்குப் பின்புறமாக ஆவி மேலேறி மூக்கைத் தொடுகிறது. அதைத்தான் வாயில் ருசித்ததாக நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கதவு அடைபட்டால் அசோகாவும் கேசரியும் ஒன்றுதான். இரண்டும் வழவழவென்று இனிக்கும், அவ்வளவுதான்.

பணத்துக்காக மறைத்தேன் என்றால் அது பாதி உண்மை. பத்திக்குக் கொடுத்த பணம் பெரிதல்ல. மீதிப் பாதி அகம்பாவம். நீடாமங்கலத்துக்காரன் என்று சொல்லிக்கொண்டுதான் அந்தப் பத்தியை வாங்கினேன். எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் வாசித்த விரல்கள். நானோ என் நாக்கை விற்றேன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்குச் சாப்பாட்டில் எதுவும் தப்பாது என்று ஒரு நம்பிக்கை ஊருக்கு வெளியே இருக்கிறது. அதை நான் நன்றாக வளர்த்துவிட்டேன். ரயில்வே கேட் மூடிக் கிடக்கும்போது எந்தப் பக்கம் ரைஸ் மில்லில் நெல் அவிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றும், கோரையாற்றில் புதுத் தண்ணீர் வருவதை வாசலில் நின்றே மோந்துவிடுவேன் என்றும் முதல் கட்டுரையிலேயே எழுதியவன் நான். ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் வெண்ணாற்றில் இறங்கி, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற மூணாறு தலைப்புக்கு வரும் நாளில் காய்ந்த மண் நனைகிற வாசனை ஒரு மைல் வரும். நோய்க்குப் பிறகு ஊருக்குப் போனபோது தலைப்பில் போய் நின்றேன். தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது, சத்தம் காதைப் பிளந்தது. வாசனை மட்டும் இல்லை. அதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினேன். அதில் வாசனை இருந்தது.

வேஷம் கலையாமல் இருக்கச் சில உபாயங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கூடச் சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பது முதல் உபாயம். புருவம் உயர்ந்தால் நல்ல வாசனை. சமையலறைக்குள் போய், "இதில் என்ன சேர்த்தீர்கள், நானே சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா?" என்று கேட்பது இரண்டாவது. எல்லாச் சமையல்காரர்களும் தாங்களே சொல்லிவிடுவார்கள், அது மனித சுபாவம். இவை இரண்டும் பலிக்காத இடத்தில் சரித்திரத்துக்கும் சங்க இலக்கியத்துக்கும் ஓடிவிடுவேன். சாப்பாட்டுக் கட்டுரையில் சங்க இலக்கியம் தூக்கலாக இருந்தால் எழுதியவரின் மூக்கைச் சந்தேகிக்கலாம். அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்த நிலையில்தான் பாயசம் பியர் வந்தது.

பெங்களூரில் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் மைக்ரோ ப்ரூவரிகள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முளைக்க ஆரம்பித்தன. இப்போது அந்த நகரத்தின் அடையாளங்களில் அவையும் ஒன்று. தமிழ்நாட்டில் அந்த வழக்கம் இல்லை. 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக்கின் கையில். நீடாமங்கலத்துக் கடையில் பியர் கேட்டால் கூலிங் இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஒரே ரசனைக் கேள்வி. பெங்களூரிலோ கோதுமையில் ஒன்று, மாம்பழத்தில் ஒன்று, காப்பிக்கொட்டையில் ஒன்று என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறார்கள். இந்திராநகர் டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்த பியர் உண்டு. நெல்லுக்குப் பெயர் போன மண்ணில் பிறந்தவனுக்கு அது பொன்னியாக இருந்திருக்கக் கூடாதா என்று இருக்கும். பீரா 91 நிறுவனம்கூட 2021-இல் மாம்பழ லஸ்ஸி, கோகம் என்றெல்லாம் சில வகைகளைக் கொஞ்ச காலத்துக்கு இறக்கிப் பார்த்தது. ஆக, பண்டிகையை ஒட்டிப் பருப்புப் பாயசத்தின் பெயரில் ஒரு கறுப்பு பியர் போட்டிருக்கிறோம், வந்து ருசி பார்த்து எழுதுங்கள் என்று ஒரு இடத்திலிருந்து அழைப்பு வந்தபோது எனக்கு வியப்பில்லை. பயம்தான் இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. இட்லி, தோசையில் மூக்கில்லாமல் ஒப்பேற்றிவிடலாம். மொறுமொறுப்பு, மென்மை, சூடு, உப்பு என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது. மசாலா போட்ட பியரில் மூக்குக்குத் தெரிவதைக் கழித்துவிட்டால் மிச்சம் கசப்பும் குமிழியும்தான்.

போனேன். ஒரு நீள மேசை, என்னைப் போல நாலைந்து பேர், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கார்டு. கார்டில் சுக்கு, ஏலக்காய், ஜாதிக்காய், வெல்லம், பால் சர்க்கரை என்று போட்டிருந்தது. பாதி வேலை முடிந்தது என்று மூச்சுவிட்டேன். பியர் காய்ச்சுகிற இளைஞர் வந்து செய்முறையை விளக்கினார். அவர் சொன்னது எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதற்கு மூக்கு தேவைப்படவில்லை.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை 65 டிகிரி வாக்கில் வெந்நீரில் ஊறவிட்டால், முளை தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். கறுப்பு நிறம் ஏறக்குறைய காப்பிக்கொட்டை அளவுக்கு வறுத்த மால்ட்டிலிருந்து வருகிறது. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம் ஆல்கஹால் கொண்டது. அதைக் குடிக்கிறவர்கள் சாக்லேட், காப்பி என்று பேசிக்கொள்வது அந்த வறுவலைத்தான். பாயசம் இனிக்க வேண்டுமே என்று வெல்லத்தைக் கொட்டினால் காரியம் கெடும். வெல்லத்தின் சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். இனிப்பு போய், வெல்லத்தின் மண்வாசனை மட்டும் தங்கும். இனிப்பு தங்குவதற்குப் பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ். பியர் ஈஸ்ட்டால் அதை உடைக்க முடியாது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மேக்கெசன் என்ற கம்பெனி நூறு வருடத்துக்கு முன்பே இந்த உபாயத்தில் மில்க் ஸ்டவுட் போட்டது. மசாலாவைக் கொதிக்கும்போது போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும் என்று, எல்லாம் புளித்து அடங்கிய பிறகுதான் சேர்க்கிறார்கள். சிலர் சாராயத்தில் ஊறவைத்த சாறாக ஊற்றுவார்களாம், இவர் இடித்துத் துணியில் கட்டி இறக்கியிருந்தார்.

"மொதல்ல மோந்து பாருங்க சார், அப்புறம் குடிங்க" என்றார்.

மோந்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை. இன்னொரு தரம் ஆழமாக இழுத்தேன். மூக்குத் தண்டின் உள்ளே, நெற்றிக்குக் கீழே, சில்லென்று ஏதோ ஓடியது. இத்தனை மாதங்களில் மூக்குக்குள் எதுவும் நடந்ததில்லை. வாசனை திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சிக்கு என் நினைவில் ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது. வாய்விட்டுச் சொன்னேன்: "பச்சைக் கற்பூரம்!"

அந்த இளைஞர் குழம்பினார். "இல்ல சார், அது போடல. ஏலக்காய் கொஞ்சம் கூடுதல், ஒருவேளை அதுவா இருக்கும்" என்றார் பணிவாக. அங்கே நிறுத்தியிருக்கலாம். "எங்கள் ஊர்ப் பாயசம் குடித்து வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா?" என்றேன். பக்கத்திலிருந்தவர் இன்னொரு முறை மோந்துவிட்டு, "ஆமாம், இருக்கு" என்றார். எதிரே இருந்தவரும் தலையாட்டினார். மேசை முழுக்கப் பச்சைக் கற்பூரம் மணக்க ஆரம்பித்தது.

அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்திருக்கிறார்கள். 2001-இல் வெளியான ஆய்வு அது. மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளில் அதை வர்ணித்தார்கள். படித்தவர்களுக்கே கண் சொல்வது மூக்கில் ஏறுகிறது என்றால், மேசைக்கு நடுவில் உட்கார்ந்து ஒருவன் அடித்துச் சொல்வது ஏறாதா? அவர்கள் இல்லாததை மோந்தது என்னை நம்பியதால். நானோ எதையுமே மோக்கவில்லை.

பிறகு குடித்தேன். நாக்கு சொன்னதை இப்போதாவது நேர்மையாக எழுதிவிடுகிறேன். முதலில் குமிழிகள் குத்தின. பிறகு கசப்பு, மிளகுக்கஷாயத்தைவிடக் குறைவாக. கசப்புக்கு அடியில் மந்தமான ஓர் இனிப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் சுக்கின் காரம். நாக்கில் கொழகொழவென்று ஒரு கனம். இவ்வளவுதான். சீசா மூடியைத் திறந்து மூன்று நாளான கோலாவில் சுக்குப்பொடியைக் கலந்து தந்திருந்தாலும் எனக்குக் கிட்டத்தட்ட இதேதான் தெரிந்திருக்கும்.

எழுதியது வேறு. பாட்டி உருளியில் கிளறிய பாயசத்தில் தொடங்கினேன். (பாட்டி வீட்டில் உருளி கிடையாது, வெண்கலப் பானைதான். உருளி என்றால் படிக்க நன்றாக இருக்கும்.) பியர் என்றால் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று 1516-இல் பவேரியாவில் போட்ட சட்டத்தை இழுத்தேன். 1980-களில் கலிஃபோர்னியாவில் பில் ஓவன்ஸ் என்பவர் பூசணிக்காய் பியர் காய்ச்சப்போய், பூசணிக்குத் தனி ருசி நிற்காததால் அந்த ஊர்ப் பூசணிப் பணியாரத்தில் போடும் பட்டை, ஜாதிக்காய், கிராம்பைப் போட்டுப் பூசணி ருசி கொண்டுவந்த கதையைச் சொன்னேன். நல்ல கதை. பண்டம் இல்லாமலே மசாலாவை வைத்து அதை நம்பவைக்கலாம் என்பதுதான் அதன் சாரம், என் தொழிலின் சாரமும் அதுவே. அதை எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து பெரும்பாணாற்றுப்படை. உருத்திரங்கண்ணனார் காஞ்சியின் இளந்திரையனைப் பாடியது. அதில் அரிசிக் கள் காய்ச்சும் முறை ஒன்று வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஆறவிட்டு, நெல்முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வைத்து, சாடியில் விளையவிடுகிறார்கள். முளையின் நொதியைக் கொண்டு மாவைச் சர்க்கரையாக்கும் அதே வித்தை. மேசையில் அந்த இளைஞர் விளக்கியதும் இதைத்தான். ஆக தமிழனுக்கு இது புதிதல்ல என்று முழங்கினேன். அதே வாயால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் மாலையில் கள் குடித்துவிட்டு வாசலில் கூலி வாங்க நின்றால், சின்னப் பையனான நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவேன். 1987-இல் கள்ளுக்கடை மூடியபோது வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். புளித்த வாடை என்போம். பெங்களூரில் அதே புளிப்புக்கு நானூறு ரூபாய் என்றதும் பண்பாடு என்று எழுதினேன்.

கட்டுரையின் உச்சம் பச்சைக் கற்பூரம். "போடாமலே வந்து நிற்கும் பச்சைக் கற்பூரம்" என்று எழுதி, அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினேன். போடவில்லை என்று காய்ச்சியவரே சொன்னதைக்கூட அவருக்கே தெரியாத அற்புதமாக மாற்றிவிட்டேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. அடுத்த முறை அந்த பியரைப் போட்டபோது கார்டில் ஒரு வரி கூடியிருந்தது: பச்சைக் கற்பூரத்தின் சாயல். என்னைக் கேட்டுத்தான் அச்சடித்தார்கள். சரி என்றேன்.

இதுவரை சொன்னது ஏமாற்று. இனி சொல்லப்போவது அதைவிடக் கீழே.

எங்கள் ஊர்ப்பக்கத்துச் சமையல்காரர் ஒருவர், என் அக்கா கல்யாணத்துக்குச் சமைத்தவர், ஒரு கல்யாண வேலையாகப் பெங்களூர் வந்திருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர், குடிப்பழக்கம் இல்லாதவர். இளம் வயதில் ஒரு கோயில் மடைப்பள்ளியில் எடுபிடியாக இருந்து தொழில் கற்றவர். நைவேத்தியத்துக்கு முன்னால் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது என்பதால் அங்கே உப்பு, உறைப்பு, வெந்த பதம் எல்லாவற்றையும் மூக்கால்தான் முடிவு செய்யவேண்டும். பியரை ஆயிரம் லிட்டர் அண்டாவில் காய்ச்சுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "அவ்வளவு பெரிய அண்டாவா? பாக்கணுமே தம்பி" என்றார். கூட்டிக்கொண்டு போனேன்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்த அண்டாக்களை வெகுநேரம் பார்த்தார். கீழே கழுவுவதற்கு வாட்டம் விட்டிருப்பதைச் சிலாகித்தார். உள்ளே மால்ட் ஊறிக்கொண்டிருந்தது. "நம்ம ரைஸ் மில்லு வாசனையால்ல இருக்கு" என்றார். நான் கட்டுரையில் அப்படித்தான் எழுதியிருந்தேன், ஒரு குத்துமதிப்பில். என் வரிகளில் அது ஒன்று தற்செயலாக உண்மையாகிவிட்டது.

மேசைக்கு வந்தோம். எனக்கு வந்த கிளாஸைக் கையில் வாங்கி, உள்ளங்கையால் மூடி, லேசாகத் திறந்து மோந்தார். "வெல்லம் ஒரு சுத்து முறுகிருச்சு. சுக்க வறுக்காமப் போட்டுருக்கான். ஏலக்காய தோலோட இடிச்சிருக்கான், அதான் கொஞ்சம் காட்டமா நிக்குது. ஜாதிக்கா இருக்கான்னு கேட்டா இருக்கு" என்றார். பரிமாறுகிற பையன் கார்டை எடுத்து வந்து அவரிடம் பெருமையாகக் காட்டினான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்தேன். பச்சைக் கற்பூரத்தில் என் குரல் இறங்கியது.

"பச்சக் கற்பூரமா, இதுலயா?" மறுபடி மோந்தார். "இல்லியே தம்பி. பருப்புப் பாயசத்துல அத எவன் போடுவான்? யாரு சொன்னா?"

"சார்தான்" என்றான் பையன்.

இதற்கு மேல் ஒளிய இடமில்லை. அந்த நிமிஷத்தில்கூட, அண்ணே, எனக்கு மூக்கு போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அவரைவிட நல்ல ஆள் கிடைத்திருக்கமாட்டார். நான் சொன்னது இது: "ஒவ்வொரு தடவையும் மாறும் அண்ணே. அதுவும் இது சமையல் மாதிரி கிடையாது, இதுக்கு மூக்கு பழகணும். ஒங்களுக்குப் பழக்கமில்ல."

நாற்பது வருஷம் மூக்கை வைத்துப் பிழைத்த மனிதரிடம், மூக்கே இல்லாத நான் சொன்னது. அவர் கோபப்படவில்லை. "இருக்கும் தம்பி, இதெல்லாம் நமக்கு என்ன தெரியும்" என்று கிளாஸை என் பக்கம் நகர்த்திவிட்டு, வேர்க்கடலையைக் கொறித்தார். அந்தப் பையன் அவரைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இந்த ஒப்புதலை எழுத வைத்தது அந்தச் சிரிப்பு. பத்திரிகையை ஏமாற்றியது தப்புதான், அதற்கு ஏதாவது சமாதானம் சொல்லித் தூங்கிவிடமுடிந்தது. இதற்குச் சமாதானம் சொல்லித் தூங்கமுடியவில்லை.

கடைசியில் அவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் சொன்னது எனக்குப் புதிது. அவருக்கும் அதே ஆண்டு மூக்கு போயிருந்தது. கான்ட்ராக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மணம் திரும்பும்வரை கரண்டியைத் தொடவில்லையாம். காய் நறுக்குகிற கூலிக்குப் போயிருக்கிறார். தலைமைச் சமையல்காரர், தன்னிடம் வேலை கற்றவர்களின் பந்தியில், முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டு! "பத்து நூறு பேரு சாப்பிடுறது தம்பி, கெட்டுப்போன தேங்கான்னா நமக்கு எப்புடித் தெரியும்?" என்றார். பிறகு தானாகவே என் பச்சைக் கற்பூரத்துக்கு விடையும் கொடுத்தார். "எனக்கும் அப்ப ஏலக்காய மோந்தா மணம் வராது. சில்லுன்னு மட்டும் இருக்கும். அதத்தான் நீங்க கற்பூரம்னுட்டீங்க."

அவர் சொன்னது சரி. மூக்கில் வாசனை நரம்பு தவிர, முகத்துக்குப் போகும் முப்பெரு நரம்பு என்று இன்னொன்று இருக்கிறது. எரிச்சல், குத்தல், குளிர்ச்சி எல்லாம் அதன் இலாகா. சுக்கின் காரமும் சோடாவின் குத்தலும் கற்பூரத்தின் சில்லிப்பும் வாசனை போனவர்களுக்கும் தெரிவது அதனால்தான். ஏலக்காய் எண்ணெயில் சினியோல் என்ற பொருள் ஏராளம். யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கிற அதே சரக்கு. அது குளிர்ச்சியைத் தூண்டும். தோலோடு இடித்துத் தாராளமாகப் போட்ட ஏலக்காய் என் மூக்கில் வாசனையில்லாத வெறும் குளிர்ச்சியாக ஓடியிருக்கிறது. நான் மோந்தேன் என்று கண்ணீர் விட்டது வாசனையே அல்ல.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரின் குழு 2009-இல் வெளியிட்ட பயிற்சி முறை ஒன்று உண்டு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலை மாலை நினைவுகூர்ந்து மோக்கவேண்டும், மாதக்கணக்கில். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனதும் முதலில் இதைத்தான் சொன்னார். முன்பே போயிருந்தால் முன்பே சொல்லியிருப்பார். போனால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று நான் போகவில்லை. இப்போது எலுமிச்சை தெரிகிறது. கிராம்பு சில நாள் தெரிகிறது. காப்பி கருகிய ரப்பர் மாதிரி வருகிறது, அதுவும் குணமாகும் வழியில் ஒரு கட்டம்தானாம். வாசனை போய்ச் சில வாரங்களில் திரும்பாதவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். கேஸ் கசிந்தால் நமக்குத் தெரியாது என்பதையாவது வீட்டில் சொல்லிவையுங்கள்.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன், பத்தி நின்றுவிட்டது. அந்த பியர் இடத்துக்கும் எழுதி, கார்டில் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். "கஸ்டமர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள் சார், இருக்கட்டுமே" என்று பதில் வந்தது. அதற்கு மேல் என்னால் செய்யக்கூடியது இந்தக் கட்டுரைதான். ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்வது ஒன்று: 2021 மே மாதத்துக்குப் பிறகு என் பெயரில் வந்த கட்டுரைகள் உங்கள் வீட்டில் கிடந்தால், கடை திறக்கும் நேரத்தையும் விலையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அவை விசாரித்து எழுதியவை. மணம், ருசி பற்றிச் சொன்ன எதையும் நம்பி எதையும் வாங்கவேண்டாம்.